பிரெஞ்சில் 98 மார்க், பேச ஒரு வாக்கியம் வரலை

த்ரெட் நீளமா இருக்கும். பிள்ளையை மார்க்குக்காக பிரெஞ்சு எடுக்க வைக்கிறவங்க, கனடா கனவுல பிரெஞ்சு கிளாஸுக்குப் பணம் கட்டப் போறவங்க, கட்டிட்டு 'ஏ2' லெவல்லயே ரெண்டு வருஷமா நிக்கிறவங்க பொறுமையா படிங்க. மத்தவங்க ஒரு காபி குடிச்சுட்டு வாங்க.

ஆடலூர்ல இருந்து எழுதுறேன். கீழ்ப்பழனி மலை. காபி, மிளகு, ஆரஞ்சு, இருட்டினா யானை. இங்க இருக்கிற டாக்டருக்கு பிரெஞ்சு பத்தி என்ன பேச்சுன்னு கேட்பீங்க. இந்த வருஷம் மட்டும் மூணு அப்பாக்கள் பிரஷர் பார்க்கக் கையை நீட்டிக்கிட்டே கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், 90 நாள்ல பி2 கியாரண்டின்னு விளம்பரம் வருது. தோட்டத்துப் பத்திரத்தை வெச்சாவது கட்டிடட்டுமா?" ஒருத்தருக்கு 170/100. ஏன் ஏறுச்சுன்னு நான் ரத்தப் பரிசோதனையில தேட வேண்டியதில்லை.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நம்ம ஊர்ல பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிற முறை பேச வைக்கிறதுக்காக உருவானதே இல்லை. மார்க் வாங்க, சர்டிஃபிகேட் வாங்க, ஃபீஸ் வாங்க உருவானது. மூணும் நல்லா நடக்குது. பேச்சு மட்டும் வரலை. வராததுக்குப் பிள்ளையோட மூளையைக் குறை சொல்றாங்க.

முதல்ல அந்த 90 நாள் கணக்கு.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன்னோட தூதரக அதிகாரிகளுக்கு மொழி கத்துக் கொடுக்குது. இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிறவங்களுக்கு பிரெஞ்சு சுலபமான மொழிகள் வரிசையில வருது. அந்த வரிசைக்கு அவங்க போடுற கணக்கே பல நூறு வகுப்பு மணி நேரம். அதுவும் அவங்களுக்கு அதுதான் முழுநேர வேலை, சம்பளத்தோட. உங்க பொண்ணு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஜூம்ல உட்கார்ந்தா 90 நாள்ல 90 மணி நேரம். அதுல பேசுறது யாரு? ஆசிரியர் 45 நிமிஷம். மீதி 15 நிமிஷத்தை 20 பிள்ளைங்க பங்கு போட்டுக்குறாங்க. ஆளுக்கு முக்கால் நிமிஷம். 90 நாள்ல உங்க பொண்ணோட வாய் பிரெஞ்சுக்குத் திறந்திருக்கிற மொத்த நேரம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இதுக்கு கியாரண்டியாம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெமோ கிளாஸ்ல உட்கார்ந்து, கையில வாட்ச்சை வெச்சுக்கிட்டு மாணவர்கள் பேசுற நிமிஷங்களை மட்டும் எண்ணுங்க. சிலபஸ் புத்தகத்தோட தடிமனைப் பார்க்காதீங்க.

இன்னொரு ஏமாற்று நுணுக்கமானது. 'டெல்ஃப் ஏ2' பரீட்சை 100 மார்க். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொண்ணுக்கும் 25. பாஸ் ஆக மொத்தத்துல 50 போதும், ஒவ்வொரு பகுதியிலயும் குறைஞ்சது 5 இருந்தா சரி. அதாவது பேச்சுல 25க்கு 5 வாங்கிட்டு, எழுத்துலயும் படிப்புலயும் சமாளிச்சு பாஸ் பண்ணிடலாம். நம்ம பிள்ளைங்க மார்க் விஷயத்துல கெட்டிக்காரங்க, அதைத்தான் செய்றாங்க. ஆனா கனடா 2023ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குத் தனியா அழைப்பு விடுதே, அங்க கணக்கு வேற. டெஃப் கனடாவோ டிசிஎஃப் கனடாவோ எழுதி, நாலு திறன்லயும் தனித்தனியா என்சிஎல்சி 7 வாங்கணும். எழுத்துல அள்ளி பேச்சுல ஈடு கட்ட முடியாது. பத்திரத்தை வெச்சுப் பணம் கட்டின அப்பாக்கிட்ட இதைத் தெளிவா சொன்ன ஒரு விளம்பரத்தையும் நான் இதுவரை பார்க்கலை.

ஸ்கூல் கதை இன்னும் பழசு. 2006ல வந்த சட்டத்துக்கு அப்புறம் ஸ்டேட் போர்டுல பத்தாவது வரைக்கும் பொதுவா தமிழ் கட்டாயம். பிளஸ் ஒன் வந்ததும் கதவு திறக்குது. "தமிழ் எடுத்தா மார்க் குறையும், பிரெஞ்சு எடு, அள்ளிடலாம்." இதை வாத்தியார் சொல்றார், டியூஷன் அக்கா சொல்றாங்க, சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. மனப்பாடம் பண்ணின பத்தி, தெரிஞ்ச கேள்வி, கோடிட்ட இடம். 98 வருது. ஒரு மொழியை ரெண்டு வருஷம் படிச்சுட்டு, அந்த மொழியில ஒரு மனுஷன்கிட்டக்கூட ஒரு வார்த்தை பேசாம 98 வாங்கலாம்னா, அந்த 98 எதை அளந்தது? தெர்மாமீட்டரை மேஜை மேல வெச்சு ரீடிங் எடுத்துட்டு பேஷண்ட்டுக்குக் காய்ச்சல் இல்லைன்னு எழுதுற மாதிரி இருக்கு.

இப்ப என் துறைக்கு வர்றேன்.

ரெண்டு பேர் பேசிக்கும்போது ஒருத்தர் முடிக்கிறதுக்கும் அடுத்தவர் தொடங்குறதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? 2009ல வெளியான ஒரு ஆய்வு உலகத்தின் 10 மொழிகளை அளந்து பார்த்துச்சு. சராசரி ஏறத்தாழ 200 மில்லி செகண்ட். ஒரு நொடியில ஐந்தில் ஒரு பங்கு. ஆனா ஒரு படத்தைப் பார்த்து 'நாய்'னு ஒத்தை வார்த்தை சொல்லவே மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லி செகண்ட் வேணும். எப்படி சாத்தியம்? எதிராளி பேசிக்கிட்டு இருக்கும்போதே நம்ம பதில் தயாராகுது. அந்த நேரத்துல, "இது என்ன வினைச்சொல், ஆறு வடிவத்துல எது, பெண்பாலா ஆண்பாலா"ன்னு அட்டவணையைப் புரட்ட நேரமே கிடையாது. பேச்சுங்கிறது அட்டவணையை வேகமா புரட்டுறது இல்லை. அது வேற வேலை, வேற பயிற்சி. ஊசி போடுறதைப் பத்தி நூறு பக்கம் படிச்ச மாணவர் கையில முதல் நாளே குழந்தையோட நரம்பைக் கொடுப்போமா?

1861ல பாரிஸ் பக்கத்துல பிசேத்ர் ஆஸ்பத்திரியில பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். சொல்றது பெரும்பாலும் அவருக்குப் புரியும். ஆனா வாயில இருந்து வர்றது 'தான்'ங்கிற ஒத்தை ஒலி மட்டும். புரிஞ்சுக்கிறதும் பேசுறதும் ஒண்ணில்லைன்னு மருத்துவ உலகம் அப்பத்தான் அழுத்தமா உணர ஆரம்பிச்சுது. அவருக்கு இருந்தது மூளைச் சேதம். நம்ம ஏ2 பிள்ளைங்களுக்கு மூளையில ஒரு குறையும் இல்லை. படிச்சா புரியுது, வாய்க்கு வேலை கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

(டாக்டர்கள் சிரிக்காதீங்க. நாம தினமும் பிரெஞ்சு பேசுறோம், தப்பா. கழுத்துல ஸ்டெத் வெச்சுக் கேட்கிற 'ப்ருயி'யை 'ப்ரூட்'ங்கிறோம். 'ட்ரியாஜ்', 'பெட்டி மால்', 'கஃபே ஓ லே' எல்லாம் அவங்க சரக்கு. அந்த ஸ்டெத்தே 1816ல பாரிஸ்ல லேனெக் கண்டுபிடிச்சதுதான்.)

எனக்கு இதுல கோபம் வர்ற முக்கியமான இடம் இனிமேதான். தமிழ்நாட்டுல பிரெஞ்சை இங்கிலீஷ் வழியா சொல்லிக் கொடுக்கிறாங்க. புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் இங்கிலீஷ், உச்சரிப்பு ஒப்பீடும் இங்கிலீஷ். தமிழ் மீடியம் பிள்ளை ரெண்டு மதிலைத் தாண்டணும். இதுக்கு எந்த அவசியமும் இல்லை. பல இடத்துல பிரெஞ்சுக்கு இங்கிலீஷை விட தமிழ் பக்கம்.

'மரம்'னு சாதாரணமா பேசுற மாதிரி சொல்லுங்க. கடைசியில உதடு மூடுச்சா? மூடலை. 'மரோ'ன்னு மூக்கால முடிச்சிருப்பீங்க. 'வந்தான்'னு சொல்லுங்க. நாக்கு மேல போய் 'ன்' தொடலை, மூக்குல போச்சு. 'அவன்' நம்ம பேச்சுல 'அவெ'ன்னு மூக்கால வரும். இதுதான் பிரெஞ்சோட புகழ்பெற்ற மூக்கொலி உயிர்கள். 'மரம்' கடைசியில வர்றது 'போன்'க்கு ரொம்ப நெருக்கம், 'வந்தான்' கடைசி 'ப்லான்'க்கு, 'அவன்' கடைசி ஒயினைக் குறிக்கிற 'வேன்'க்கு. இங்கிலீஷ்காரன் இதுக்கு மாசக்கணக்கா முக்குறான். நம்ம பாட்டி தினமும் பேசுறாங்க. இதை எந்த கிளாஸ்லயாவது சொல்லிக் கொடுத்தாங்களா?

அடுத்தது சொற்கள் ஒட்டிக்கிறது. 'லே', 'ஆமி' ரெண்டும் சேர்ந்தா 'லேஸாமி'. 'வூ', 'ஆவே' சேர்ந்தா 'வூஸாவே'. கேள்வியில 'ஆ'வும் 'ஈல்'லும் பக்கத்துல வந்தா நடுவுல ஒரு 'த்' வந்து உட்காரும், 'ஆதீல்'. இங்கிலீஷ் வழியா படிச்சா இது பெரிய விதிப் பட்டியல். நமக்கு? மணி + அடித்தது = மணியடித்தது. உடம்படுமெய் ஸ்கூல்லயே படிச்சாச்சு. ரெண்டு உயிர் முட்டிக்காம இருக்க நடுவுல ஒரு மெய் வருதுன்னா தமிழ்ப் பிள்ளை தலையாட்டும்.

'த்யூ', 'வூ' பிரச்சினையே இல்லை. நீ, நீங்க. எந்தப் பெரியவர்கிட்ட எதைச் சொல்லணும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எல்லாத்தையும் விட முக்கியமானது: எழுத்து வேற, பேச்சு வேற. 'வந்துகொண்டிருக்கிறேன்'னு எழுதுறோம், 'வந்துட்டிருக்கேன்'னு பேசுறோம். புத்தகத் தமிழ் மட்டும் படிச்ச வெளிநாட்டுக்காரர் நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. பிரெஞ்சும் அதே ஜாதி. 'எனக்குத் தெரியாது'க்குப் புத்தகம் 'ஜெ ந ஸே பா'ங்கும், ஆள் 'ஷே பா'ங்குவார். 'ஈல் யா' வெறும் 'யா' ஆயிடும். 'நாங்க'ங்கிறதுக்குப் புத்தகத்துல 'நூ', தெருவுல பெரும்பாலும் 'ஓன்'. "பிரெஞ்சுக்காரங்க வேகமா பேசுறாங்க சார், புரியலை"ன்னு ஏ2 பிள்ளைங்க சொல்றதுல பாதி வேகம் இல்லை. அவங்க கேட்கிறது பேச்சு பிரெஞ்சு, இவங்களுக்குத் தெரிஞ்சது எழுத்து பிரெஞ்சு. இரட்டை வழக்கோட பிறந்து வளர்ந்த நமக்கு இதைப் புரிய வைக்க ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்றதில்லை.

அந்த ஆறு கட்ட அட்டவணையையும் வாயால சொல்லிப் பாருங்க. 'பேசு'ங்கிற வினைக்கு நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் சேர்த்து எழுத்துல மூணு ஸ்பெல்லிங், காதுல எல்லாமே 'பார்ல்'. 'நாங்க'க்கு 'ஓன்' போட்டா அதுவும் 'பார்ல்'. 'நீங்க'க்கு மட்டும் 'பார்லே'. பேச்சுக்கு ரெண்டே ஒலி. எழுத்துப் பரீட்சைக்காக வாரக்கணக்கா ஆறு கட்டம் உருப்போடுறோம்.

தமிழ் எல்லாத்துக்கும் கைகொடுக்கும்னு சொல்ல மாட்டேன். உயிரில்லாத பொருளுக்கு ஆண்பால், பெண்பால் நமக்கு அந்நியம். பிரெஞ்சுல மலை பெண், காபி ஆண். காரணம் கேட்கக் கூடாது. சொல்லோடயே 'ல', 'லா' சேர்த்துப் பழகணும், தப்பா சொன்னாலும் ஆளுக்குப் புரியும். ப-வுக்கு ரெண்டு ஒலி இருக்கிறது இன்னொரு தொல்லை. குடிக்கிற பானமும் மீனும் முதல் ஒலியில மட்டும்தான் வித்தியாசம். தமிழ் எழுத்துல எழுதினா ரெண்டுமே 'ப்வாஸோன்', அதுதான் பிரச்சினையே. ஜூஸ் கேட்டா மீன் வரும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. பன்றிமலைப் பக்கம் நடக்க வந்த ஒரு பிரெஞ்சு ஜோடி. அந்தம்மாவுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிப் போச்சு. ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. மொழிபெயர்க்க ஊர்ல பிரெஞ்சுல 98 வாங்கின தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. வலி ஊசிக்கு முன்னாடி கேட்க வேண்டியதைக் கேட்கச் சொன்னேன்: வேற வியாதி, மருந்து, அலர்ஜி, கர்ப்பம். தம்பி வேர்த்து நிக்கிறான். அந்தம்மா ஏதோ திரும்பத் திரும்ப சொல்றாங்க, 'ஷ்வி ஆன்சேன்த்'. அவனுக்கு 'ஜெ ஸ்வி' தெரியும். 'ஷ்வி' தெரியாது. அதுக்குள்ள ஹோம்ஸ்டேல சமைக்கிற காரைக்கால் அண்ணன் வந்தார். பாரிஸ்ல பதினோரு வருஷம் ஓட்டல் அடுக்களையில இருந்தவர். எட்டிப் பார்த்து ஒரு நிமிஷம் பேசினார். "டாக்டர், நாலு மாசமாம்." ஊசியை மாத்தி வெச்சேன். அவரோட பிரெஞ்சுல இலக்கணம் கால்வாசி இருக்காதுன்னு இப்ப எனக்குத் தெரியும். ஏன்னா அதுக்கப்புறம் நானே பிரெஞ்சு படிக்க ஆரம்பிச்சேன், ஞாயிறு சாயங்காலம் அவர்கிட்டதான் பேசிப் பழகுறேன். தம்பி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன்கிட்ட கேட்டதை எல்லாம் அவன் பேப்பர்ல சரியா எழுதினவன்.

உடனே, "அப்ப அங்க போனா தானா வந்துரும்"னு முடிவு கட்டாதீங்க. பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருபது வருஷம் இருந்தும், அரசாங்க ஆபீஸ் போனா பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிட்டுப் போற நம்ம ஆட்கள் நிறைய. அடுக்களையிலயும் தமிழ், கடையிலயும் தமிழ், வீட்டுலயும் தமிழ்னா பிரெஞ்சு எந்த வழியா வரும்? 2024 ஜனவரியில வந்த சட்டத்தால அங்க 10 வருஷ கார்டுக்கு பி1, குடியுரிமைக்கு பி2ன்னு தரத்தை ஏத்திட்டாங்க. இது வேலை நேரம் போக மிச்ச நேரம் இல்லாத மனுஷங்க தலையில விழுற பாரம். ஊர் மாறினா மட்டும் போதாது, பேச்சு வாங்கிப் பேச்சு கொடுக்கிற ஆள் வேணும்.

நம்ம மலையிலயே உதாரணம் இருக்கு. கொடைக்கானல் போற வழியில செண்பகனூர். 1895ல அங்க சேசு சபையினர் கல்லூரி தொடங்கினாங்க. மதுரை மிஷன்ல அப்ப வேலை பார்த்தவங்க பலர் பிரெஞ்சுக்காரர்கள். அவங்கள்ல ஒருத்தரான ஆங்லாத் பாதிரியார் இந்த மலையோட கல்திட்டைகளைத் தேடி அலைஞ்சு எழுதின நூல் 1928ல தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. அந்த மிஷன் சாமியார் ஒருத்தர் கிராமத்துல உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கணும்னா, கிழவி அழுதுக்கிட்டே கொச்சையில சொல்றது புரியணும். அதுக்கு மாதிரி வினாத்தாள் கிடையாது.

"இலக்கணம் இல்லாம எப்படி டாக்டர்?"ன்னு கேட்பீங்க. இலக்கணம் வேண்டாம்னு எங்க சொன்னேன்? ஏ2 முடிச்ச பிள்ளைக்குத் தேவையான இலக்கணம் ஏற்கனவே உள்ள இருக்கு. நான் எதிர்க்கிறது, பேச்சு வரலைன்னு வந்த பிள்ளைக்கு மறுபடியும் இலக்கணத்தையே எழுதிக் கொடுக்கிறதை. நோய் ஒண்ணு, மருந்து வேற. மருந்து கேட்கலைன்னா டோஸை இரட்டிப்பாக்குறாங்க, மாத்த மாட்டேங்கிறாங்க.

என்ன செய்யலாம்னு கேட்கிறவங்களுக்கு, என் மருந்துச் சீட்டு.

வாரத்துக்கு ஒரு நாள் மூணு மணி நேரம் வேண்டாம். தினமும் 25 நிமிஷம், வாய் விட்டு. முதல் வாரம் தடுமாறும்போது பேச்சை உயிரோட வெச்சுக்கிற வாக்கியங்களை மட்டும் பழகுங்க: திரும்பச் சொல்ல முடியுமா, கொஞ்சம் மெதுவா, இதை எப்படிச் சொல்றது, அதாவது வந்து, எனக்குப் புரிஞ்சது இதுதான் சரியா. பிரெஞ்சுல 'ஆன்ஃபேத்', 'தூ கூ', 'ஆன்ஃபேன்', 'பேன்', 'வ்வாலா'ன்னு இழுக்கிற சொற்கள் இருக்கு. நம்ம 'அது வந்து', 'அப்படியே', 'சரி விடு' மாதிரி. புத்தகம் இதைக் குப்பைன்னு ஒதுக்கும். அந்த 200 மில்லி செகண்ட்ல உங்களைக் காப்பாத்துறது இதுதான்.

அப்புறம், இன்னைக்கு நடந்ததை நாலு நிமிஷம் சொல்லுங்க. அதையே மூணு நிமிஷத்துல. அதையே ரெண்டு நிமிஷத்துல. ஒரே கதை, புதுச் சொல் தேட வேண்டாம். மூணாவது தடவை நாக்கு ஓடுறது உங்களுக்கே தெரியும். ஃபோன்ல பதிவு பண்ணி வைங்க, மாசம் கழிச்சுக் கேளுங்க. தப்பைத் திருத்துறது வாரத்துக்கு ஒரு நாள் போதும், அதுவும் ரெண்டே ரெண்டு தப்பு.

காதுக்கு, ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சுல தினமும் பத்து நிமிஷச் செய்தி கொடுக்குது. இலவசம். முதல்ல வெறுமே கேளுங்க, அப்புறம் எழுத்தைப் பார்த்துக் கேளுங்க, கடைசியா அறிவிப்பாளர் பின்னாடியே அவர் தாளத்துலயே முணுமுணுங்க. பஸ்ல பண்ணாதீங்க, பக்கத்துல இருக்கிறவர் என்கிட்ட கூட்டிட்டு வந்துருவார்.

வாரத்துக்கு ஒரு மனுஷன் கட்டாயம். பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் பழைய 'சொல்தா' குடும்பங்கள்ல பிரெஞ்சு பேசுற தாத்தாக்கள் இன்னும் இருக்காங்க, பேச ஆள் தேடிக்கிட்டு. அவங்களும் கிடைக்கலைன்னா உங்களை மாதிரியே ஏ2ல நிக்கிற இன்னொருத்தர் போதும். ரெண்டு பேரும் தப்பா பேசினா தப்பு ஒட்டிக்குமேன்னு பயப்படுறீங்க. ஊமையா இருந்து வர்ற நஷ்டம் அதை விடப் பெருசு. சிரிக்கிறவங்களை மட்டும் பக்கத்துல வெச்சுக்காதீங்க. நம்ம வகுப்பறைகள்ல பேச்சைக் கொன்னதுல அந்தச் சிரிப்புக்குப் பெரிய பங்கு.

இப்படி ஆறு மாசம் போனா என்ன வரும்? பி2 வராது. கடையில, பஸ்ல, டாக்டர்கிட்ட, பக்கத்து வீட்டுல பத்து நிமிஷம் நின்னு பேச வரும். அங்க இருந்து பி2க்கு இன்னும் ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு. அதைத் தாங்குற கணக்கோட இறங்குங்க. தோட்டத்தை வெச்சு இறங்காதீங்க.

ஆடலூர்ல சிக்னல் மழைக்கு முன்னாடியே போயிடும். ஆடியோ எல்லாம் முதல் நாளே இறக்கி வெச்சுக்கோங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிச்சு ராத்திரி எட்டுக்கு மேல பதில் போடுறேன். இன்ஸ்டிட்யூட் விளம்பரம் போடுறவங்களை பிளாக் பண்ணிடுவேன்.